யாரும் தள்ளாத காற்று

"சார், நேச்சுரல் கன்வெக்‌ஷன் கேஸ் ஒண்ணு வந்திருக்கு. டர்புலன்ஸ் மாடல் எது போடலாம்? கே-எப்சிலானா, எஸ்எஸ்டியா?"

சிமுலேஷன் வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் டீ நேரத்தில் கேட்கும் கேள்விகளில் இதுதான் முதலிடம். ஒரே சொல்லில் பதில் வந்துவிடும், டீ ஆறுவதற்குள் இடத்துக்குத் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கை முகத்தில் தெரியும். ஒரே சொல்லில் சொல்லவும் முடியும்: எஸ்எஸ்டி. பெரும்பாலும் அது பெரிய கேடு செய்யாது. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர், "சார், மெஷ்ஷை மாத்தினா ஆன்சரும் மாறுது" என்று சீக்கிரமே திரும்பி வருவார். அதனால் இன்னொரு டீ சொல்லிவிட்டு, உட்கார்ந்து பேசுவதே நல்லது.

ஃபேன் வைத்த பெட்டியில் காற்றின் வேகத்தை ஃபேன் தீர்மானிக்கிறது. வெப்பம் அந்தக் காற்றின் முதுகில் ஏறிப் போகிறது, அவ்வளவுதான். வெப்பநிலைக் கணக்கில் பத்து சதவீதம் பிசகினாலும் வேகம் அப்படியே இருக்கும். இயற்கை வெப்பச்சலனத்தில் காற்றைத் தள்ள யாரும் இல்லை. சுவர் சூடாகிறது, சுவரை ஒட்டிய காற்று விரிந்து லேசாகிறது, மிதப்பு விசை அதை மேலே தூக்குகிறது, தூக்கிய காற்று சுவரின் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது, அதனால் சுவரோரத்து வெப்பநிலை மாறுகிறது, மிதப்பு விசையும் மாறுகிறது. வேகம் வெப்பத்தைப் பார்த்து நிற்கிறது, வெப்பம் வேகத்தைப் பார்த்து நிற்கிறது. சுவரோரம் செய்த சின்னப் பிழை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்.

நாம் பயன்படுத்தும் பிரபலமான மாடல்கள் எல்லாம் தள்ளப்பட்ட ஓட்டத்தில் பிறந்தவை. கே-எப்சிலானை 1972-இல் ஜோன்ஸும் லாண்டரும் எழுதினார்கள். இன்று எல்லா சாஃப்ட்வேரிலும் இருக்கும் வடிவம் 1974-இல் லாண்டர், ஸ்பால்டிங் இருவரும் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து கொடுத்தது. அதில் வரும் 0.09, 1.44, 1.92 போன்ற எண்கள், தட்டையான தகட்டின் மேல் ஓடும் காற்று, பீறிடும் ஜெட், வலையைத் தாண்டியபின் அடங்கும் கொந்தளிப்பு முதலிய எளிய ஓட்டங்களோடு பொருத்தி எடுத்தவை. ஸ்பாலார்ட்-ஆல்மராஸ் (1992) விமான இறக்கைக்காக வந்தது. மென்டரின் எஸ்எஸ்டி (1994) நாசாவில் உருவானது. இறக்கையின் முதுகில் ஓட்டம் எங்கே பிரிகிறது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் பெரிய கவலை. இவற்றை எழுதியவர்கள் யாரும் ஒரு சூடான சுவரையும் அதன் பக்கத்தில் சும்மா நிற்கும் காற்றையும் முன்னால் வைத்துக்கொண்டு எழுதவில்லை. நாம்தான் அங்கே கொண்டுபோய் வைக்கிறோம். வைக்கலாம். எங்கே பொருந்தாது என்று தெரிந்து வைக்க வேண்டும்.

அதனால் மாடல் பெயருக்கு முன்னால் நான் கேட்பது வேறு: "தம்பி, உன் கேஸில் முதலில் கொந்தளிப்பு இருக்கிறதா?"

இதற்கு ரேலி எண் இருக்கிறது. புவியீர்ப்பு, சூட்டுக்குக் காற்று விரியும் அளவு, வெப்பநிலை வித்தியாசம், உயரத்தின் மூன்றாம் அடுக்கு ஆகியவற்றைப் பெருக்கி, பாகுநிலையாலும் வெப்பம் பரவும் அளவாலும் வகுத்தால் வருவது. மேலே தூக்கும் முயற்சிக்கும் அதை அடக்கும் இரண்டு சக்திகளுக்கும் இடையிலான போட்டியை ஒரே எண்ணில் சொல்கிறது. கையில் இருக்கும் டீ கிளாஸையே கணக்குப் போடலாம். உயரம் 10 சென்டிமீட்டர், வெளிப்பக்கம் 60 டிகிரி, சுற்றியுள்ள காற்று 30 டிகிரி என்று வைத்தால், ரேலி எண் ஏறக்குறைய 20 லட்சம். பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் நிமிர்ந்த சுவரை ஒட்டி ஏறும் காற்று குலையத் தொடங்குவது 100 கோடி வாக்கில், அதாவது 10⁹. கிளாஸின் பக்கச் சுவரில் காற்று ஒழுங்காகத்தான் ஏறுகிறது. கிளாஸுக்கு மேலே ஆவி சுருண்டு கலைவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சுவரை விட்டு விடுபட்ட ஓட்டம் இதைவிடச் சீக்கிரம் ஆட ஆரம்பித்துவிடும்.

கேட்டவரின் கேஸ் என்ன? வெயிலில் நிற்கும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பெட்டி. உயரம் 40 சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் தகடு காற்றைவிட 25 டிகிரி சூடு. கணக்குப் போட்டால் சுமார் 12 கோடி. 100 கோடிக்கு வெகு கீழே.

"அப்போ மாடலே வேண்டாமா சார்?"

வேண்டாம். லேமினார் என்று வைத்து ஓட்ட வேண்டியதுதான். பலருக்கு இதை ஏற்க மனம் வராது. மாடல் போடாவிட்டால் வேலை செய்யாததுபோல ஒரு குறை. ஆனால் கே-எப்சிலான், தான் இருக்கும் இடமெல்லாம் கொந்தளிப்பு ஏற்கெனவே முற்றி நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளும் மாடல். இல்லாத கொந்தளிப்பை அது உண்டாக்கி, இல்லாத கலப்பைக் காட்டி, தகட்டிலிருந்து நிஜத்தைவிட அதிக வெப்பம் வெளியேறுவதாகச் சொல்லும். ரிப்போர்ட்டில் குளிர்ந்து நிற்கும் பெட்டி வெயிலில் வெந்துபோகும். பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் இங்கே ஆபத்து. பாதுகாப்பான பக்கம் சாய்ந்தால்கூட மன்னிக்கலாம்.

இனி உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். 2.5 மீட்டர் உயர அறைச் சுவர், காற்றைவிட வெறும் 10 டிகிரிதான் சூடு. ரேலி எண் 1,300 கோடியைத் தொடுகிறது. வெப்பநிலை வித்தியாசம் பெட்டியைவிடக் குறைவு. ஆனால் உயரம் மூன்றாம் அடுக்கில் வருவதால் எண் நூறு மடங்குக்கு மேல் போய்விட்டது. தண்ணீராக இருந்தால் இன்னும் வேகம்: அதே 10 டிகிரி வித்தியாசத்துக்கு, 20 சென்டிமீட்டர் உயரத்திலேயே 100 கோடியைத் தாண்டிவிடும். தண்ணீர்த் தொட்டிக்காரரும் காற்றுப் பெட்டிக்காரரும் ஒரே மாடலைப் பற்றி வாதாடுவதில் பொருளில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எந்த நீளத்தை எடுப்பது? மான்செஸ்டரில் பெட்ஸ், பொகாரி என்ற இருவர் செய்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல பாடம். 2.18 மீட்டர் உயரம், வெறும் 76 மில்லிமீட்டர் அகலம், 52 சென்டிமீட்டர் ஆழம் கொண்ட ஒல்லிப் பெட்டி. ஒரு பக்கச் சுவர் சூடு, எதிர்ச்சுவர் குளிர்ச்சி. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு முறை 19.6 டிகிரி, இன்னொரு முறை 39.9 டிகிரி. சூடான சுவரோரம் காற்று ஏறுகிறது, குளிர்ந்த சுவரோரம் இறங்குகிறது, நடுவில் இரண்டும் உரசிக்கொள்கின்றன. அகலத்தை வைத்து அவர்கள் சொன்ன ரேலி எண் 8.6 லட்சம், 14.3 லட்சம். நம் டீ கிளாஸைவிடக் குறைவு! "அப்போ லேமினார்" என்று யாராவது முடிவு கட்டினால் முழுக்கத் தவறு. அங்கே ஓடியது நன்றாக முற்றிய கொந்தளிப்பு. அதே பெட்டிக்கு உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், முதல் சோதனைக்கே 2,000 கோடி வரும். எண் பொய் சொல்லவில்லை. எந்த நீளத்தை வைத்து எடுத்த எண், அதை எந்த எல்லையோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்காமல் விட்டால் நாம்தான் நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். 100 கோடி என்ற எல்லை, தனியாக நிற்கும் சுவரின் உயரத்துக்கானது. தரை சூடாகவும் மேற்கூரை குளிர்ச்சியாகவும் உள்ள மெல்லிய அடுக்கில் ஓட்டமே 1,708-இல் தொடங்கிவிடுகிறது. அங்கே நீளம் என்பது அடுக்கின் தடிமன்.

சரி, கொந்தளிப்பு இருக்கிறது என்றே வைப்போம். இப்போது சுவருக்கு வரலாம். என் கணிப்பில், இயற்கை வெப்பச்சலனத்தில் வரும் தவறுகளில் பெரும்பங்கு மாடலின் பெயரில் இல்லை, சுவரோரத்தில் இருக்கிறது.

வால் ஃபங்ஷன் என்று ஒன்று உண்டு. சுவரை ஒட்டிய மெல்லிய பகுதியில் வேகம் மடக்கைக் கணக்கின்படி ஏறும் என்று தெரிந்தால், அந்தப் பகுதிக்குள் மெஷ் போடாமல், ஒரே பெரிய செல்லை வைத்து, மீதியை அந்தச் சூத்திரத்திடம் விட்டுவிடலாம். குழாயில் ஓடும் தண்ணீருக்கும் வாகனத்தைச் சுற்றி ஓடும் காற்றுக்கும் இது நன்றாகவே வேலை செய்யும். அங்கே சுவரிலிருந்து விலக விலக வேகம் ஏறி, வெளி ஓட்டத்தோடு கலந்துவிடும்.

சூடான சுவரோரம் கதை வேறு. சுவரில் வேகம் பூஜ்யம். சில மில்லிமீட்டர் தள்ளி உச்சம். அதைத் தாண்டினால் மறுபடி இறங்கி, அறையின் நடுவில் ஏறக்குறைய பூஜ்யம். வெளியே ஓட்டமே இல்லை. ஓட்டம் முழுவதும் அந்த ஒட்டுப் படலத்துக்குள்தான். ஜப்பானில் சுஜி, நகானோ இருவரும் 1988-இல் வெளியிட்ட நுட்பமான அளவீடுகளிலும் இது தெளிவாகத் தெரிந்தது: சூடான தகட்டின் கொந்தளிப்புப் படலம், வழக்கமான படலத்தின் சூட்டு வடிவம் அல்ல, அதன் அமைப்பே வேறு. நாம் நம்பியிருக்கும் மடக்கைக் கணக்கு வேகத்துக்கு அங்கே பொருந்தாது.

எண்களில் பார்த்தால் இன்னும் உறைக்கும். சுவர் உராய்வைக் குறிக்கும் வேகம் அறைச் சுவர்களில் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். மூன்று சென்டிமீட்டர் என்று எடுத்தால், ஒய்-பிளஸ் (அந்த வேகத்தையும் பாகுநிலையையும் வைத்துச் சுவர்த் தூரத்தை அளக்கும் எண்) 1 என்பது சுவரிலிருந்து அரை மில்லிமீட்டர் தூரம். வால் ஃபங்ஷன் கேட்கும் ஒய்-பிளஸ் 30 என்பது 16 மில்லிமீட்டர். செல்லின் நடுப்புள்ளி அங்கே இருக்க வேண்டும் என்றால், முதல் செல்லின் தடிமன் 32 மில்லிமீட்டர். பெட்ஸ்-பொகாரி பெட்டியின் 76 மில்லிமீட்டர் அகலத்தில் இப்படி இரண்டு செல்தான் வைக்க முடியும். ஏறும் காற்றுக்கு ஒன்று, இறங்கும் காற்றுக்கு ஒன்று. வேகத்தின் உச்சம், வெப்பநிலையின் செங்குத்துச் சரிவு, எல்லாம் அந்த ஒரே செல்லுக்குள் காணாமல் போய்விடும். இதைப் பார்த்துப் பயந்து மெஷ்ஷை நெருக்கமாக்கினால், முதல் செல் சூத்திரம் செல்லாத இடத்துக்குள் நுழைகிறது. விடை ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் ஒவ்வொரு விதமாக வருகிறது. "மெஷ்ஷை மாத்தினா ஆன்சரும் மாறுது" என்பதன் மூலம் இதுதான்.

நல்ல சேதியும் இதே கணக்கில் இருக்கிறது. விமான இறக்கையில் ஒய்-பிளஸ் 1 வேண்டுமென்றால் முதல் செல் சில மைக்ரான் தூரத்தில் இருக்க வேண்டும்; செலவு கை கடிக்கும். நமக்கு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் போதும். மெதுவான ஓட்டம் நமக்குக் கொடுத்த சலுகை. சுவரோரம் வரை மெஷ் போட்டு, சூத்திரத்தின் தயவில்லாமல் நேராகத் தீர்ப்பதற்கு இவ்வளவுதான் விலை என்றால், வால் ஃபங்ஷனைப் பிடித்துத் தொங்க எந்த நியாயமும் இல்லை. எஸ்எஸ்டியை நான் முதலில் சொல்வதன் காரணமும் இதுதான். அது வெப்பச்சலனத்தின் ரகசியம் அறிந்த மாடல் என்பதால் அல்ல. சுவர் வரை தடுமாறாமல் நடந்து போகும் என்பதால். கே-எப்சிலானையும் சுவர் வரை கொண்டுபோகலாம். 1974-இல் லாண்டர்-ஷர்மா செய்தது அதைத்தான். ஆனால் அந்தக் குடும்பத்து மாடல்கள் சுவரோரத்தில் சில நேரம் கொந்தளிப்பை அணைத்தேவிடும், சில நேரம் தாமதமாகப் பற்றவைக்கும். தொடக்க நிலை எப்படிக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்துக்கூட விடை மாறுவது உண்டு.

இனி கொஞ்சம் பொறுமை வேண்டிய இடம். மாடல்களுக்கு மிதப்பு விசை எப்படித் தெரிகிறது?

மிதப்பு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சராசரி ஓட்டத்தை மேலே தூக்குகிறது. இதை மொமென்டம் சமன்பாடு பார்த்துக்கொள்ளும், மாடலுக்கு இதில் வேலையில்லை. இரண்டாவது, சின்னச் சுழல்களுக்கு நேராகச் சக்தி கொடுக்கிறது, அல்லது பிடுங்குகிறது. கீழே சூடு, மேலே குளிர்ச்சி என்றால் சுழல்கள் கொழுக்கும். மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்றால் அடங்கும். ஏசி போடாத அறையில் உத்தரத்தடியில் சூடான காற்று அசையாமல் படிந்து கிடப்பது இந்த இரண்டாவது வகை. இந்தச் சக்தி கைமாறுவதை மாடலுக்குள் ஒரு தனிப் பங்காக எழுத வேண்டும்.

எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் சிக்கல். வழக்கமான மாடல், கொந்தளிப்பு எடுத்துச் செல்லும் வெப்பம் சராசரி வெப்பநிலை எந்தத் திசையில் சரிகிறதோ அந்தத் திசையில் மட்டும் போகும் என்று வைத்துக்கொள்கிறது. இப்போது நிமிர்ந்த சூடான சுவரை நினையுங்கள். வெப்பநிலை சரிவது கிடைமட்டமாக, சுவரிலிருந்து அறைக்குள். செங்குத்தாக ஏறக்குறைய மாற்றமே இல்லை. மிதப்போ செங்குத்தாக மட்டும் வேலை செய்யும். ஆகவே மாடல் கணக்கில் மிதப்பு தரும் சக்தி பூஜ்யத்துக்கு அருகில் வந்துவிடுகிறது! நிஜத்தில் அப்படியில்லை. சூடான துளிக்காற்று ஒன்று தற்செயலாக வந்தால் அது சுற்றியிருப்பதைவிட வேகமாக ஏறும். சூடும் ஏற்றமும் கைகோத்தே வரும். அதனால் செங்குத்துத் திசையிலும் கொந்தளிப்பு வெப்பத்தைக் கொண்டுபோகிறது, கணிசமாகவே. மிதப்பால் ஓடும் ஓட்டத்தில், சுழலுக்கு மிதப்பு தரும் சக்தியையே மாடல் பார்க்காமல் விடுகிறது.

இதற்கு மருந்து பழையது. 1970-இல் டேலி, ஹார்லோ இருவரும் சொன்ன வழியில், வெப்பம் போகும் திசையை வெப்பநிலைச் சரிவோடு மட்டும் கட்டாமல், சுழல்கள் எந்தத் திசையில் எவ்வளவு துடிக்கின்றன என்பதோடும் கட்டுகிறார்கள். அப்போது கிடைமட்டச் சரிவுகூடச் செங்குத்து வெப்ப ஓட்டத்தை உண்டாக்கும். இன்ஸ், லாண்டர் இருவரும் 1989-இல் செவ்வகப் பெட்டிகளுக்கு இதைப் போட்டுப் பார்த்தார்கள். இது உங்கள் சாஃப்ட்வேர் மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் இருக்காது. இல்லாவிட்டால் உலகம் முடிந்துவிடாது; நிமிர்ந்த சுவரில் சராசரி ஓட்டத்தின் உரசலும் சுழல்களுக்குச் சக்தி கொடுக்கிறது, அதை மாடல் ஒழுங்காகவே பிடிக்கும். ஆனால் மெனுவில் "பாயன்சி" என்ற கட்டத்தில் டிக் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கக் கூடாது. ஓப்பன்ஃபோம் சாஃப்ட்வேரில் சாதாரண கே-எப்சிலானுக்குள் மிதப்புப் பங்கே கிடையாது. அதற்கென்று பாயன்ட்-கே-எப்சிலான் என்று தனியே ஒன்றை வைத்திருக்கிறார்கள். எப்சிலான் சமன்பாட்டில் மிதப்புக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதிலும் மாடல்காரர்கள் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.

இன்னொரு பெரிய பிரிவு, சூடு எங்கே இருக்கிறது என்பது. பக்கச் சுவர் சூடு என்றால் இதுவரை பேசியது. தரை சூடு என்றால் காற்று கற்றை கற்றையாகக் கிளம்பி, இடம் மாறி, அறை முழுவதும் புரளும். அது சராசரி எடுத்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஓட்டமே அல்ல; அந்தப் பெரிய புரளல்தான் வெப்பத்தைச் சுமக்கிறது. அங்கே எஸ்எஸ்டியைப் போட்டு ஸ்டெடியாக ஓட்டினால், ரெசிடியுவல் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் சால்வரின் கோளாறு அல்ல. ஓட்டம் நிற்க மாட்டேன் என்று சொல்கிறது. ரிலாக்சேஷனைக் குறைத்துக் குறைத்து அதன் வாயை அடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நேரத்தோடு ஓட்ட வேண்டும். முடிந்தால் பெரிய சுழல்களை நேராகத் தீர்க்கும் எல்இஎஸ்ஸுக்குப் போக வேண்டும். தீயும் புகையும் இந்த வகைதான். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி 2000-இல் வெளியிட்ட தீ சிமுலேஷன் நிரல் எஃப்டிஎஸ், எல்இஎஸ்ஸை அடிப்படையாகக் கொண்டது வீம்புக்காக அல்ல.

"அப்போ எல்லாத்துக்கும் எல்இஎஸ் போட்டுடலாமே சார்?"

போடலாம், கம்ப்யூட்டரும் காலமும் இருந்தால். சுவரோரத்துச் சுழல்கள் மிகச் சின்னவை. அதற்கு மூன்று திசையிலும் நெருக்கமான மெஷ் வேண்டும். இந்த ஓட்டங்கள் மெதுவாக நகர்வதால், நம்பத்தகுந்த சராசரி கிடைக்க நீண்ட நேரம் ஓட்ட வேண்டும். அரைகுறை மெஷ்ஷில் ஓட்டிய எல்இஎஸ், கவனமாக ஓட்டிய எஸ்எஸ்டியைவிட மோசம். படம் மட்டும் அழகாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் டர்பின் 1991-இல் கொடுத்த வி2எஃப் மாடல் இருக்கிறது. சுவருக்குச் செங்குத்தான துடிப்பைச் சுவர் எப்படி அமுக்குகிறது என்பதைத் தனியாகவே கணக்கில் எடுக்கும். சுவரோர வெப்பத்துக்கு நன்றாக வரும். உங்கள் சாஃப்ட்வேரில் இருந்தால் ஒரு முறை ஓட்டி எஸ்எஸ்டியோடு ஒப்பிடுங்கள். ஏசி, காற்றோட்டத் துறைக்காரர்கள் ஆர்என்ஜி கே-எப்சிலான் என்பார்கள். 1995-இல் சிங்யான் சென் அறைக் காற்றோட்டத்துக்கு ஐந்து கே-எப்சிலான் வகைகளை ஒப்பிட்டு, ஆர்என்ஜியைப் பரிந்துரைத்தார். அவர் பார்த்தது அறைகளை. உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் அறைக்கு அது ஓரளவு பொருந்தும். உங்கள் எண்ணெய்த் தொட்டிக்குப் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை.

பாயும் பொருள் மாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம், கல்பாக்கம் இருக்கிறது. அங்குள்ள 500 மெகாவாட் வேக ஈனுலை திரவ சோடியத்தால் குளிர்விக்கப்படுவது. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளிலிருந்து வந்துகொண்டே இருக்கும் வெப்பத்தை வெளியேற்ற, தலா 8 மெகாவாட் திறனுள்ள நான்கு தனிச் சுற்றுகள் வைத்திருக்கிறார்கள். பம்ப் நின்றாலும், மின்சாரம் போனாலும், சோடியமும் அதன்பின் உயரமான புகைபோக்கி வழியே ஏறும் காற்றும் இயற்கை வெப்பச்சலனத்தாலேயே நகர்ந்து வெப்பத்தைக் கொண்டுபோக வேண்டும் என்பது ஏற்பாடு. இங்கே கணிப்பு பிசகினால் விளைவு பெட்டி சூடாவதோடு நிற்காது.

சோடியம் நம் மாடல்களுக்கு விசித்திரமான பொருள். பிராண்ட்ல் எண், அதாவது பாகுநிலையை வெப்பம் பரவும் அளவால் வகுத்தால் வருவது, காற்றுக்கு 0.7, சோடியத்துக்கு 0.005 வாக்கில். உலோகம் என்பதால் வெப்பம் அதற்குள் அசாத்திய வேகத்தில் பரவும். வேகப் படலம் மெல்லியதாகவும் வெப்பப் படலம் தடிமனாகவும் இருக்கும். காற்றிலும் தண்ணீரிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நடப்பதால், மாடல்கள் சுழல் பாகுநிலையை 0.85 அல்லது 0.9 என்ற ஒரே எண்ணால் வகுத்து வெப்பப் பரவலை எடுத்துவிடும். அந்த எண் எங்கோ மெனுவின் மூலையில் டீஃபால்ட்டாக உட்கார்ந்திருக்கும்; யாரும் தொடமாட்டார்கள். சோடியத்துக்கு அதை அப்படியே விட்டால் கொந்தளிப்பு கடத்தும் வெப்பத்தைக் கூட்டிச் சொல்லிவிடும். திரவ உலோகத்தில் மாடலின் பெயரைவிட இந்த ஒரு எண் பெரிய சங்கதி.

இவ்வளவு பேசிவிட்டு, மாடலோடு சம்பந்தமே இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பு பார்த்த 2.5 மீட்டர் சுவருக்கு, சர்ச்சில்-சூ 1975-இல் கொடுத்த சூத்திரத்தில் எண்களைப் போட்டால், காற்று எடுத்துச் செல்வது சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 வாட். அதே சுவர் கதிர்வீச்சால் எதிர்ச்சுவருக்கு அனுப்புவது, சாதாரண பெயின்ட் அடித்த பரப்புக்கு, 5 முதல் 6 வாட். மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் கதிர்வீச்சாகப் போகிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல், மீதி ஒரு பங்குக்கு எஸ்எஸ்டியா வி2எஃபா என்று மீட்டிங் போடுபவர்கள் உண்டு. மெருகேற்றிய அலுமினியம் என்றால் கதை வேறு. இல்லாவிட்டால் முதலில் கதிர்வீச்சைப் போடுங்கள்.

அடர்த்தியைப் பற்றியும் ஒரு சொல். வெப்பநிலையோடு அடர்த்தி நேர்கோட்டில் மாறும், அதுவும் மிதப்பு விசையில் மட்டும் மாறும் என்ற பூசினெஸ்க் எளிமைப்படுத்தல், காற்றுக்கு 30 டிகிரி வித்தியாசம் வரை நிம்மதி. அதற்கு மேல் போகப் போக ஐடியல் கேஸ் என்று மாற்றிவிடுவது நல்லது. சுழல் பாகுநிலை என்ற யோசனையும் அதே பூசினெஸ்க் 1877-இல் சொன்னதுதான். இரண்டும் வேறு வேறு என்று தெரியாமல் இன்டர்வியூவில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய.

"சரி சார், கடைசியா நான் என்னதான் செய்யறது?"

சொந்த கேஸைத் தொடாதே, முதலில் தெரிந்த கேஸை ஓட்டு. டி வால் டேவிஸ் 1983-இல் கொடுத்த சதுரப் பெட்டி: கொந்தளிப்பு இல்லை, ரேலி எண் 10 லட்சத்துக்குச் சராசரி நஸெல்ட் எண் (வெறும் கடத்தலைவிட வெப்பம் எத்தனை மடங்கு போகிறது என்பது) 8.8 வர வேண்டும். அது வரவில்லை என்றால் புவியீர்ப்பின் திசை, எல்லை நிபந்தனை, மெஷ் இவற்றில் ஏதோ தப்பு; டர்புலன்ஸ் மாடலைப் பற்றிப் பேச இன்னும் தகுதி வரவில்லை. அது வந்தபின் பெட்ஸ்-பொகாரி ஒல்லிப் பெட்டி. ஓப்பன்ஃபோமின் பயிற்சி கேஸ்களில் அதுவே எஸ்எஸ்டியோடு தயாராக இருக்கிறது. அதன்பின் லண்டனில் அம்போஃபோ, கரையானிஸ் இருவரும் அளந்து 2003-இல் வெளியிட்ட 75 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி: ஒரு சுவர் 50 டிகிரி, எதிர்ச்சுவர் 10 டிகிரி, ரேலி எண் 158 கோடி. இதில் நடுப்பகுதி அசையாமல் அடுக்கடுக்காகப் படிந்து நிற்கும், ஓட்டமெல்லாம் சுவரோரத்தில் மட்டும். நடுவில் மாடல் கொந்தளிப்பைக் கூட்டிக் காட்டுகிறதா என்பது இங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். மேல்தட்டும் கீழ்த்தட்டும் வெப்பம் கடத்தும் எஃகுத் தகடுகள். அவற்றை வெப்பம் புகாதவை என்று வைத்து ஓட்டினால் எந்த மாடலும் பொருந்தாது. எனவே அளந்த வெப்பநிலையையே அங்கே கொடுக்க வேண்டும்.

ஒப்பிடும்போது சராசரி வெப்ப ஓட்டத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதே; இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடையைத் தந்துவிடும். நடு உயரத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்து, வேகத்தின் உச்சம் சுவரிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் வருகிறது, எவ்வளவு உயரம், வெப்பநிலை சுவரோரத்தில் எவ்வளவு செங்குத்தாக விழுகிறது என்று மூன்றையும் சோதனைப் புள்ளிகளோடு வைத்துப் பார். பொருந்தவில்லையா? மாடலை மாற்றும் முன், முதல் செல்லின் ஒய்-பிளஸ்ஸைப் படமாகப் போட்டுக்கொண்டு வா, பேசலாம்.